இது எங்க கேஸ் இல்லை

பிப்ரவரி 11

வாலு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

நீ கதவைத் திறக்காததால் என்னிடம் இருந்த சாவியைப் போட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தேன். குளியலறைத் தரையில் கிடந்தாய். பாவாடை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். உன் தலைமுடி வாந்தியில் ஊறி ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் உன் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் பள்ளிக்கூடச் சட்டையால் உன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அம்மாக்குக் காய்ச்சல் பெரியம்மா, நீங்க போயிட்டு அப்புறம் வாங்க" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. உன் நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எட்டு வயதுக் குழந்தை வாயிலிருந்து பொய் அவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊரார் ரத்தமும் சீழும் மலமும் மூட்டை மூட்டையாக என் கையில்தான் வந்து விழுகின்றன. அதை எண்ணிப் பிரித்துப்போட்டுவிட்டு அங்கேயே நின்று சாப்பிடவும் செய்வேன். ஆனால் அன்றைக்கு உன்னைத் தூக்கி உட்கார வைக்கும்போது எனக்குக் குமட்டியது. நம் அம்மா பெற்றவளைத் தொட எனக்குக் கூசியது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பொடிசு என்னிடம்தான் இருக்கிறாள். இனி இங்கேதான் இருப்பாள். நாளைக் காலை அத்தான் வண்டியோடு வருவார், இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொடுப்பார். மறுபேச்சுப் பேசாமல் ஏறு. மறுவாழ்வு இல்லத்தில் எல்லாம் பேசியாகிவிட்டது. அங்கே போன் தர மாட்டார்களாம், கடிதம் மட்டும்தானாம். அதுவும் நல்லதற்குத்தான். உன் குழறலை இனி நான் கேட்க வேண்டாம். எழுத்தாவது குழறாமல் வருகிறதா பார்ப்போம்.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு, ஆறாத கோபத்தோடு இருக்கும் அக்காவுக்கு,

எழுத்து குழறவில்லை, கை மட்டும் ஆடுகிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிய கை இது. இப்போது இதனிடம் வெண்ணெயைக் கொடுத்தாலும் நேராக வெட்டாது.

நீ சேர்த்துவிட்ட இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேள். ஒரு நீள அறை. இரும்புக் கட்டில்கள். எனக்கு வாய்த்த மெத்தையில் எனக்கு முன்னால் படுத்தவர்கள் எல்லாரும் தங்கள் ஞாபகார்த்தமாக ஒவ்வொரு வட்டம் விட்டுப் போயிருக்கிறார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே உட்கார்ந்து எதையாவது குடித்துவிடுவோமாம். அதனால் வெளியே ஒருத்தி நின்று, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முடிந்ததும் முடியாமல் போய்விடுகிறது. காலையில் எல்லாரும் வரிசையில் நின்று சுவரில் எழுதியிருக்கும் உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். 'நான் என் குடும்பத்தின் சாபம்' என்று அதில் ஒரு வரி வருகிறது. அதைச் சொல்லும்போது மேற்பார்வை அம்மா ஒவ்வொருத்தி வாயையும் உற்றுப் பார்ப்பாள். வாயசைத்து ஏமாற்றினால் சூப் கிடையாது.

நீ நினைப்பதுபோல நான் திமிரில் எழுதவில்லை அக்கா. முதல் வாரம் நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். நடுங்கினேன், வியர்த்தேன், சுவரில் எறும்பு ஊர்வதாகக் கத்தினேன், எல்லாம் செய்து முடித்தேன். இப்போது உடம்பில் ஒரு சொட்டுக் குடி இல்லை. ஆனால் வேறொன்று நடக்கிறது. பொடிசு பிறந்த பிறகு நான் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேனே, அப்போது டாக்டர் கொடுத்த மாத்திரை, விட்டு விட்டாவது சாப்பிட்டு வந்தேனே, அதை இங்கே வந்த அன்றைக்கே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார்கள். "டாக்டர் எழுதிக் கொடுத்தது" என்றேன். "எல்லா மாத்திரையும் போதைதான். ஒரு போதையை விட்டு இன்னொரு போதையப் பிடிக்கிறதுக்கா இங்க வந்தே?" என்று கேட்டாள் மேற்பார்வை அம்மா.

எனக்குத் தூக்கம் குறைந்துகொண்டே வருகிறது. தலைக்குள் யாரோ ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து விடுவதுபோல் இருக்கிறது. இது நல்லதுக்கு இல்லை. நீ வந்து அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் குடிகாரி சொல்.

பொடிசுக்கு முன்பல் விழுந்துவிட்டதா?

தங்கை


மார்ச் 6

வாலு,

முன்பல் விழுந்துவிட்டது. மற்றபடி சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மாத்திரை விஷயம். எனக்குச் சலித்துவிட்டது. நீ குடிக்கும்போதெல்லாம் உனக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் மனசு கனம், ஒருநாள் மனசு பறக்கிறது, ஒருநாள் பொடிசின் அப்பா விட்டுப்போனது, ஒருநாள் மழை. இப்போது குடி இல்லாத இடத்திலும் ஒரு காரணம் தேடிப் பிடித்திருக்கிறாய். மனநோய் என்பது குடிக்கு நீ வைத்த செல்லப்பெயர் என்கிறார் அத்தான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நம் அம்மாவுக்கு இல்லாத மனக்கஷ்டமா? அவள் எந்தப் பாட்டிலைத் திறந்தாள்?

இல்லத்துக்குப் போன் பண்ணினேன். "எல்லாரும் இப்படித்தாங்க நாடகம் போடுவாங்க, நீங்க இளகிடாதீங்க" என்றார்கள். நான் இளகப் போவதில்லை. மெத்தை அழுக்கு என்று எழுதியிருக்கிறாய். நீ கிடந்த தரையைவிடவா?

தூங்கப் பார். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் தானாக வரும்.

அக்கா


மார்ச் 12

அக்கா அக்கா அக்கா!

விடிந்துவிட்டது! எனக்குள்ளே விடிந்துவிட்டது! இனித் தூக்கமே தேவையில்லை, தூக்கம் சோம்பேறிகளுக்கு, நான் நேற்றும் தூங்கவில்லை அதற்கு முன்னும் தூங்கவில்லை, உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது. ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன். இங்கே யாருக்குமே கண் தெரியவில்லை! அந்த உறுதிமொழிப் பலகையை வைத்தே எல்லாருக்கும் கண் சோதித்தேன், ஒருத்தியைத் தள்ளி நிறுத்தி ஒரு கண்ணைப் பொத்தி வாசி வாசி என்றேன், கடைசி வரி ஒருத்திக்கும் தெரியவில்லை அக்கா! தெரியாத வரியைத்தான் தினமும் சத்தியம் செய்கிறார்கள்! மேற்பார்வை அம்மாவுக்கு முதல் வரியே தெரியவில்லை, அதை அவளிடமே சொன்னேன், அறைந்தாள், பரவாயில்லை, அவளுக்கு என் கன்னம் தெரிந்ததே!

வெளியே வந்ததும் கண்ணாடிக் கடை திறக்கிறேன், ஒன்று இல்லை தெருவுக்கு ஒன்று, எல்லாருக்கும் இலவசம், நீ கணக்குப் பார், அத்தான் பெட்டி தூக்கட்டும். என் சாப்பாட்டை எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். பற்பசையால் சுவர் முழுக்கப் புது உறுதிமொழி எழுதியிருக்கிறேன், வாசனை அற்புதம். பொடிசிடம் சொல் அவள் அம்மா யாரென்று!

காகிதம் தீர்ந்துவிட்டது கையில் எழுதுகிறேன் கையை அனுப்ப முடியாது

உலகத்தின் கண்


ஏப்ரல் 2

என் வாலுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கும்போது நீ தெளிவாக இருப்பாய் என்று நர்ஸ் சொன்னாள். நடந்தது எதுவும் உனக்கு நினைவில்லையாம். நினைவில்லாமல் போனதே நல்லது என்று விட்டுவிட எனக்கு இஷ்டமில்லை. உனக்கு என்ன செய்தார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் பற்பசைக் கடிதம் வந்த அன்றைக்கே இல்லத்திலிருந்து போன். "மேடம், உங்க தங்கச்சிய உடனே கூட்டிட்டுப் போங்க. இது குடி கேஸ் இல்ல, பைத்தியக் கேஸ். எங்க கேஸ் இல்ல." நாடகம் என்று சொன்ன அதே குரல்.

வந்து பார்த்தேன். உன்னைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். போர்வையைக் கிழித்துக் கயிறாக்கியிருந்தார்கள். என் பிழைப்பு அப்படி, முதலில் அந்தத் துணிதான் என் கண்ணில் பட்டது. மாதக்கணக்கில் தண்ணீர் காணாத துணி, அழுக்கேறி விறைத்துப்போயிருந்தது. உன் மணிக்கட்டில் அது அறுத்த இடத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. உனக்குக் கீழே மெத்தை ஈரம். நீ பாடிக்கொண்டிருந்தாய். கட்டை அவிழ்த்த பெண், மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு, "இவ்ளோ நாறுறவள எப்படித்தான் வச்சிருந்தோமோ" என்றாள். நாற வைத்தது யாரடி என்று கேட்டேன். இரண்டு மூன்று வார்த்தை கூடவே வந்துவிட்டது. அதை எழுத மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினேன். பொடிசைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். டாக்சி கூப்பிட நான் வாசலுக்குப் போன நேரத்தில், அத்தானின் ஷேவிங் லோஷனைப் பாட்டிலோடு குடித்துவிட்டாய்.

மனநல டாக்டரிடம் போனோம். பளிங்குத் தரை, பூ வாசனை, ஹாலில் ஆளுயர மீன்தொட்டி. டாக்டர் உன்னைக் கேள்வி கேட்கவே இல்லை. நீ வாயைத் திறந்ததும் காலால் உந்தி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"குடிச்சிருக்காங்களே. முதல்ல அதை நிறுத்திட்டு வாங்க. போதை கேஸ் நாங்க எடுக்கிறதில்ல."

"ஒரு மாசமா குடிக்காமத்தான் இருந்தா, டாக்டர். அப்பத்தான் இப்படி ஆச்சு. குடி நிறுத்துற இடத்துல பைத்தியக் கேஸ்னு துரத்திட்டாங்க."

"அது அவங்க பிரச்சினைம்மா."

"அப்ப இவ யார் பிரச்சினை?"

அவர் மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான். வெளியே வந்ததும் நீ மீன்தொட்டியின் மூடியைத் தள்ளி, அதற்குள் வாந்தி எடுத்தாய். மீன்கள் கூட்டமாக அதைத் தின்ன வந்தன. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் பார்த்தார்கள். காவலாளி ஓடி வந்து, "மீனெல்லாம் செத்துடும், மீனெல்லாம் செத்துடும்!" என்று அலறினான். உனக்காக அந்தக் கட்டடத்தில் ஒருவரும் அப்படி அலறவில்லை. அவன் உன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். படியில் சரிந்தாய். உதடு நீலமாகிவிட்டது.

வாலு, அந்தப் படியில் உட்கார்ந்து உன் தலையை மடியில் வைத்துக்கொண்டபோதும் எனக்குக் குமட்டியது. ஆனால் உன்மேல் இல்லை. அந்தப் பூ வாசனைமேல்.

ஆம்புலன்ஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் உன்னைவிடச் சின்னவள். அவள் கோட்டில் யாரோ கக்கிய கறை, காய்ந்துபோய் இருந்தது. உன் வயிற்றைக் கழுவி, நரம்பில் ஊசி ஏற்றி, நீ கண் திறந்து மறுபடியும் பாட ஆரம்பித்ததும் உன் பக்கத்தில் குனிந்து ஒரு கேள்வி கேட்டாள். "குடிக்கிறதால தூக்கம் போகுதா, தூக்கம் போறதால குடிக்கிறீங்களா?"

நீ பாட்டை நிறுத்தினாய். "முதல்ல தூக்கம் போகும். அப்புறம் தலைக்குள்ள சத்தம் வரும். அதை நிறுத்தத்தான் குடிப்பேன். குடிச்சா சத்தம் நிக்கும். விட்டா ரெண்டு மடங்கா வரும்" என்றாய். தெளிவாக, சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல.

அவள் என்னைப் பார்த்து, "இத இவங்ககிட்ட இதுக்கு முன்னாடி யாரும் கேக்கலையா?" என்றாள். அத்தனை பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். அந்த வரிசையில் நானும்தான் நின்றேன்.

"ரெண்டும் ஒட்டிப் பிறந்த நோய். ஒண்ண மட்டும் பாத்தா இன்னொண்ணு அதை மறுபடி இழுத்துட்டு வந்துடும். ரெண்டையும் ஒரே இடத்துல, ஒரே ஆளுங்க பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, தானே நின்று போன் பண்ணினாள். இரண்டு இடத்தில் இடமில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் சரி என்கிற வரைக்கும் போனைக் கீழே வைக்கவில்லை. நீ இப்போது படுத்திருக்கும் இடம் அதுதான்.

உன் மாத்திரையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை மெதுவாகப் படித்தேன். மீன்தொட்டி வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். மீன்கள் பிழைத்தனவா என்று முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி.

இங்கே மாத்திரை தருகிறார்கள். நாக்கு பழைய செருப்புத் தோல்போல் தடித்துக் கிடக்கிறது. பேசும்போது ஓரத்தில் எச்சில் வழிகிறது. வயிறு உப்பிவிட்டது. கண்ணாடியில் தெரிகிறவளை நீ தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போவாய். உடம்பு அசிங்கம், ஞாபகம் அதைவிட அசிங்கம். துண்டு துண்டாகத் திரும்பி வருகிறது. பொடிசின் சட்டை வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம்.

இதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம். வந்த இரண்டாம் வாரம், வாசலில் கை துடைக்க வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டேன். எத்தனையோ பேர் கை பட்ட பம்ப்பில் வாயை வைத்து உறிஞ்சினேன். தொண்டை எரிந்து கழிப்பறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கண்டுபிடித்த நர்ஸிடம், "துணியெல்லாம் எடுத்துக் கட்டி வச்சுட்டேன், கிளம்பறேன்" என்றேன். உண்மையிலேயே மூட்டை கட்டியிருந்தேன். எங்கே பிடிபட்டாலும் அடுத்து வருவது அதுதானே.

"எங்கே கிளம்பறீங்க? இருமல் வந்தவன இருமினதுக்காக ஆஸ்பத்திரிய விட்டுத் துரத்துவாங்களா? முதல்ல வாயைக் கொப்புளிங்க. அப்புறம் வந்து உக்காந்து, காலையிலேர்ந்து என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றாள்.

உட்கார்ந்து சொன்னேன். முந்தின நாளே தூக்கம் குறைந்தது, தலைக்குள் அந்தப் பழைய ஜன்னல் சத்தம், யாரிடமும் சொல்லாமல் மறைத்தது, எல்லாம். டாக்டர் மாத்திரை அளவை மாற்றினார். குடியைப் பற்றிப் பேசும் ஆலோசகரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். என் வாழ்க்கையில் அதை முதல்முறையாகப் பார்க்கிறேன் அக்கா. இதுவரை என்னை நடுவில் பிளந்து, பாதியை ஒருத்தன் பார்த்து, மீதியை இன்னொருத்தன் வாசலில் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இங்கே என் பக்கத்துக் கட்டிலில் பஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தி. வலி மாத்திரைப் பழக்கம், கூடவே அவளை யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம். "நான் பஸ் ஓட்டறவடி, பின்னாடி எப்பவும் பத்து வண்டி வரத்தான் செய்யும். அதுல எது நோய், எது லாரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தேன். எச்சில் தெறித்தது. அவளே துடைத்துவிட்டாள்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். என்னைப் பார்த்தால் உனக்கு இன்னும் குமட்டுகிறதா? ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதே. பொய் எனக்கு நிறையத் தெரியும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன்.

தங்கை


மே 3

வாலு,

குமட்டுகிறது.

கேட்டாய், சொல்லிவிட்டேன். உன் கடிதத்தில் அந்தப் பம்ப்பில் வாய் வைத்ததைப் படித்தபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் இன்றைக்கும் தட்டாமலே திறந்து பார்த்துவிடுகிறேன். அன்பு வந்தால் அருவருப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. என் நெஞ்சில் இரண்டும் ஒரே அறையில்தான் குடியிருக்கின்றன. ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு.

உங்கள் இடத்தில் சனிக்கிழமை குடும்பத்தாருக்காக நடத்தும் கூட்டத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து பேர். ஒரு பெரியவர், மகனைப் பற்றிப் பேசும்போது, "அவன் செத்துட்டா நிம்மதியா இருக்கும்னு ஒருநாள் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். ஆலோசகர் அவரைத் திருத்தவில்லை. "நெனச்சதுக்கு அப்புறமும் இங்க வந்திருக்கீங்களே" என்றார், அவ்வளவுதான். என் முறை வந்தபோது குமட்டுகிற விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இப்போது அத்தான் விஷயம். போன வாரம் அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வழக்கம்போல மேஜையில் பாட்டில், ஐஸ், வறுத்த கடலை. நான்தான் எடுத்து வைத்தேன், இத்தனை வருஷமாகச் செய்வதுபோல. பேச்சோடு பேச்சாக நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் இங்கே தங்கலாம் என்றேன். "பொம்பளக் குடிகாரியெல்லாம் என் வீட்டுல கால் வைக்கக் கூடாது. வளர்ற குழந்தை இருக்கிற வீடு" என்றார். கையில் தம்ளர், வாயில் ஒழுக்கம். நண்பர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தருக்குத் தலை ஏற்கெனவே தானாக ஆடிக்கொண்டிருந்தது.

சமையலறைத் தொட்டியில் போய்க் கக்கினேன். திரும்பி வந்து, மேஜையில் இருந்த கடலைத் தட்டை எடுத்துக்கொண்டேன். "இனிமே இந்த மேஜைக்கு நான் எதையும் எடுத்து வைக்கப் போறதில்ல. குழந்தை இருக்கிற வீடு, சரிதான். பாட்டில் வெளியில போகட்டும்" என்றேன். இப்போது குடிக்க வெளியே போகிறார். போகட்டும்.

பின்கட்டு அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன். வந்துவிடு. முகம் சுளித்தாலும் சுளிப்பேன். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் பழகிக்கொள்.

அக்கா


மே 15

என் அருமை அக்காவுக்கு,

'குமட்டுகிறது' என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் படித்ததும் எனக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. எல்லாரும் பார்வையால் சொன்னதை நீ மட்டும்தான் எழுத்தில் சொன்னாய். உன் மற்ற வார்த்தைகளையும் இனி நான் நம்பலாம்.

ஆனால் அந்த அறைக்கு நான் வரவில்லை. கோபமில்லை. அத்தான் வெளியே குடித்துவிட்டு வீட்டுக்குத்தானே வருவார்? அவர் மூச்சு ஒரு சுவர் தாண்டி இருந்தால் நான் அந்தச் சுவரையே நக்கிவிடுவேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. டாக்டரிடம் இதை அப்படியே சொன்னேன். "நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்றார். பாராட்டுவதற்கு என்னிடம் வேறு என்ன இருக்கிறது!

சிகிச்சைக்கு வருகிறவர்கள் தங்குவதற்குப் பக்கத்திலேயே ஒரு வீடு இருக்கிறது. பஸ் ஓட்டுகிற அம்மாவும் நானும் ஒரே அறை எடுத்துக்கொள்கிறோம். அவளுக்குப் பயம் வந்தால் நான் ஜன்னல் வழியே பார்த்து "லாரிதான்" என்று சொல்ல வேண்டும். எனக்குத் தூக்கம் குறைந்தால் அவள் நர்ஸிடம் கோள் சொல்ல வேண்டும். ஒப்பந்தம். கடை முதலாளியைப் போய்ப் பார்த்தேன். கை ஆட்டம் நிற்கும்வரை லென்ஸ் பக்கம் வராதே, முன்னால் நின்று பிரேம் துடை என்றார். துடைக்கிறேன். வாடிக்கையாளர்கள் என் வாய் ஓரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், கண் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாத்திரையை மறந்துவிடவில்லை. குடியை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது இன்னும் நாள் முழுக்கக் கூப்பிடுகிறது.

பொடிசு உன்னிடமே இருக்கட்டும். அவளை இப்போது கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் ஒருமுறை பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இங்கே கூடத்தில் உட்கார்ந்து பேச விடுகிறார்கள். அவள் வர மாட்டேன் என்றால் இழுத்து வராதே. வந்து என்னைத் தொட மாட்டேன் என்றாலும் சொல்லிக் கொடுக்காதே, 'அம்மாவைக் கட்டிக்கோ' என்று முதுகில் தள்ளாதே. அவளுக்கும் குமட்டும். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

பயமாக இருக்கிறது அக்கா. முதல்முறையாகக் காரணத்தோடு பயமாக இருக்கிறது.

உன் வாலு


ஜூன் 9

அன்புள்ள வாலு,

நேற்று நடந்ததைப் பற்றி உனக்கு நான் எழுதத் தேவையில்லை, நீயும்தான் அங்கே இருந்தாய். ஆனால் திரும்பி வரும்போது நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

அவள் கூடத்துக்குள் வந்ததும் உன் முன்னால் போய் நின்று, "வாயைத் திற" என்றாளே, அப்போது எனக்கு மானமே போனதுபோல் இருந்தது. சுற்றிலும் அத்தனை குடும்பங்கள். நீ திறந்தாய். அவள் எம்பி நின்று உன் வாய்க்குள் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள், அழுகிய பழத்தைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்ப்பவள்போல. அவள் பின்கழுத்தில் ஒன்று போட எனக்குக் கை எழுந்தது. நீ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாய், வேண்டாம் என்று. பிறகு அவள் "இன்னொரு தடவை" என்றாள். நீ மறுபடியும் திறந்தாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் வாயை மூடவில்லை. அதற்கப்புறம்தான் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உன் பக்கத்தில் இல்லை, எதிரில். கட்டிக்கொள்ளவும் இல்லை. நான் முதுகில் தள்ளவும் இல்லை, கவனித்திருப்பாய்.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு தானாகச் சொன்னாள்: "அம்மா வாயில மருந்து நாத்தம்தான் பெரியம்மா. கசப்பு நாத்தம். நாறுது. ஆனா அது இல்ல."

"அது இல்லதானே, அப்புறம் என்ன? போதும், இனிமே அப்படி நாலு பேர் முன்னாடி மோந்து பாக்காதே. அம்மாக்குக் கஷ்டமா இருக்கும்ல?" என்றேன்.

"பாப்பேன். ஒவ்வொரு தடவையும் பாப்பேன்."

"எது வரைக்கும்?"

யோசித்தாள். "தெரியல" என்றாள். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி பஸ் என்று கேட்டாள்.

வாலு, அடுத்த வாரம் வருகிறோம். அதற்கடுத்த வாரமும். எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும், பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நீ ஒன்றையும் பார்க்காதே. அவள் எத்தனை தடவை கேட்டாலும் திற.

அக்கா